60 கிலோ ஆளுக்கு எவ்வளவு தூக்கம்?

உத்தமபாளையம் பக்கம் தென்னை ஏறி விழுந்தவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். "மயக்க ஊசி போட்டாங்க"ன்னு ஒரே வரியில சொல்லிடுவோம். உள்ளே பெரிய கணக்கே நடக்குது பாஸ்!

மயக்க வாயு அதிகமானா, கால் நரம்பு சிக்னல் மானிட்டர்ல மங்கிடும். நரம்பு நசுங்கினாலும் தெரியாது. அதனால டெக்ஸ்மெடடோமிடின் என்ற தூக்க மருந்தையும் சேர்த்து, மற்ற மயக்க மருந்துகளைக் குறைப்பதுண்டு. வழக்கமான ஆரம்ப அளவு, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 60. அதையும் 10 நிமிஷம் மெதுவா ஏத்தணும். பிறகு மணிக்கு, கிலோவுக்கு 0.2 முதல் 0.7 வரை. அவசரப்பட்டா இதயத்துடிப்பு சரசரன்னு இறங்கும். குப்புறப் படுத்திருப்பவருக்கு நெஞ்சை அழுத்துறது லேசுப்பட்ட காரியமா? 65 தாண்டிய தாத்தான்னா அளவை இன்னும் குறைக்கணும். அதனால, டாக்டர் எடை கேட்டா குத்துமதிப்பா சொல்லாதீங்க. தாத்தா முழுங்குற பி.பி. மாத்திரையையும் மறக்காம சொல்லிடுங்க.