வானத்தில் தேடிய திருடன் அடுப்பில் பிடிபட்டான்!
விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்த மர்ம அலை

ஒரு திருட்டு அலை விஞ்ஞானிகளைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அது எங்கிருந்து வந்தது? யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அதைக் காட்டிக் கொடுத்தது எது தெரியுமா? கடிகாரம்!

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு ராட்சத ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1961-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பெரிய கிண்ணம் போல இருக்கும். அதன் அகலம் 64 மீட்டர்!

இதற்குக் கண் கிடையாது. காதுதான் உண்டு. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது கேட்கும். கேட்டதைக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும். ஒவ்வொரு பதிவிலும் தேதி, மணி, நிமிடம், வினாடி எல்லாம் இருக்கும்.

சல்லடையில் சிக்கியது

தொலை தூரத்திலிருந்து வரும் அலைக்கு ஓர் அடையாளம் உண்டு. அதில் உயர்ந்த சுருதி முதலில் வரும். தாழ்ந்த சுருதி பின்னால் வரும். இந்த அடையாளத்தைச் சல்லடையாக வைத்துக் கம்ப்யூட்டர் பதிவுகளைச் சலிக்கிறது.

2001-ம் ஆண்டுப் பதிவு ஒன்றை இப்படிச் சலித்தபோது ஓர் அதிசய அலை கிடைத்தது. கண் இமைப்பதற்குள் வந்து மறைந்த அலை! நமது நட்சத்திர மண்டலத்துக்கு அப்பாலிருந்து வந்தது என்று டங்கன் லோரிமர் குழுவினர் 2007-ல் அறிவித்தார்கள்.

போலி அலைகள்

பிறகு வந்தது குழப்பம். 1998 முதல் உள்ள பதிவுகளில், அதே போன்ற வேறு அலைகளும் இருந்தன! ஆனால், அவை தொலைநோக்கியின் 13 காதுகளிலும் ஒரே சமயத்தில் விழுந்திருந்தன. ஒவ்வொரு காதும் வானத்தின் வெவ்வேறு இடத்தைக் கேட்பது. எனவே இவை வானத்து அலைகள் அல்ல, பூமியில் பிறந்தவை.

அப்படியானால், லோரிமர் கண்ட அலையும் போலிதானா? அந்த ஆராய்ச்சியே ஆட்டம் கண்டது.

சாப்பாட்டு நேரம்

எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவரது குழுவினரும் துப்பறிந்தார்கள். 2015 ஜனவரியில் மூன்று போலி அலைகள் வந்தன. அதே வினாடிகளில், அக்கம்பக்கத்து அலைகளைக் கவனிக்கும் கருவியிலும் ஓர் அலை பதிவாகியிருந்தது. அது மைக்ரோவேவ் அடுப்பின் அலை!

பழைய போலிகளை மணிவாரியாக அடுக்கினார்கள். எல்லாம் பகல் வேளை! அதிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதிகம். நட்சத்திரத்துக்கு ஏது சாப்பாட்டு நேரம்?

மார்ச் 17-ந் தேதி சோதித்தார்கள். அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்தார்கள். உடனே போலி அலை வந்தது! அடுப்பு தானாக நிற்கும் முன்பே, பசியோடு யாரோ கதவைத் திறந்ததுதான் இத்தனைக்கும் காரணம்.

அசல் தப்பியது

லோரிமர் கண்ட அலை 13 காதுகளில் சிலவற்றில்தான் விழுந்திருந்தது. அந்த இன அலைகள் சாப்பாட்டு மணி பார்த்து வருவதும் இல்லை. எனவே அவை அசல்தான் என்று உறுதியாயிற்று. 2017-ல், அப்படிப்பட்ட ஓர் அலை பிறந்த இடத்தை வேறு தொலைநோக்கிகள் காட்டின. அது சுமார் 300 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் உள்ள நட்சத்திர மண்டலம்!

போலி என்று தெரிந்தும் அந்தப் பதிவுகளை யாரும் அழித்துவிடவில்லை. மணியோடு பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் திருடனும் அகப்பட்டான், அசலும் பிழைத்தது.