காவிரியின் மகாசீர்: ஏறிய கணக்கும் இறங்கிய இனமும்

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே இயற்கையாக வாழும் திமில் மகாசீர், உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களுள் ஒன்றாகும். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரவல்லது. 1946-ஆம் ஆண்டில் கபினியாற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்றின் எடை 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ. இதன் தாடையில் பற்கள் இல்லை. தொண்டையில் அமைந்த வலிய பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கி உண்கிறது. சிறு மீன்களை வேட்டையாடுகிறது. கரையோர மரங்களிலிருந்து உதிரும் பழங்களையும் விட்டுவைப்பதில்லை.

அணைகள் ஆற்றின் போக்கை மாற்றியதாலும், வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடிய வழக்கத்தாலும் மகாசீர் இனங்கள் அருகி வந்தன. மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் 1970-களில் நீலத் துடுப்பு மகாசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் முயற்சி வெற்றி பெற்றது. அங்கு உற்பத்தியான குஞ்சுகள் பல மாநிலங்களின் நீர்நிலைகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. நோக்கம் குறை கூறத்தக்கதன்று. ஆயினும் விடப்பட்டது வேறோர் இனம். 1839-இல் சைக்ஸ் என்பவர் புனே வட்டாரத்து ஆற்றிலிருந்து பெற்று விவரித்த, கிருஷ்ணா படுகைக்குரிய மீன் அது. ‘மகாசீர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டன.

இதன் விளைவை வெளிப்படுத்தியது எதிர்பாராத ஓர் ஆவணமாகும். கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள காலிபோர் முகாமில், தூண்டிலிட்டுப் பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. பிடிபட்டவை குறிப்பேட்டில் பதியப்பட்டன. 1998 முதல் 2012 வரையிலான அப்பதிவுகள் ஆராயப்பட்டு, முடிவுகள் 2015-இல் வெளியாயின. பிடிபட்ட மகாசீரின் மொத்த எண்ணிக்கை உயர்ந்திருந்தது. மொத்தத்தை மட்டும் காணும் அலுவலர் எவரும் இதைத் திட்டத்தின் வெற்றி என்றே எழுதியிருப்பார். இனவாரியாகப் பிரித்தபோது உயர்வு முழுவதும் நீலத் துடுப்பு மகாசீரால் நேர்ந்தது என்பதும், திமில் மகாசீர் ஆண்டுதோறும் குறைந்து வந்ததும் தெரியவந்தன. அதன் சராசரி எடையோ கூடிக்கொண்டே சென்றது. இதுவும் நற்செய்தியன்று. முதிய மீன்கள் எஞ்சியிருக்க, இளம் மீன்கள் போதிய அளவில் சேராத கூட்டத்தில் சராசரி எடை உயரவே செய்யும். குழந்தைகள் பிறவாத ஊரில் சராசரி வயது ஏறுவதைப் போன்றதே இது.

தூண்டில்காரர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இம்மீனுக்கு உரிய அறிவியல் பெயரே உறுதிப்படாமல் இருந்தது என்பது வியப்புக்குரியது. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்ற இனமும் இதுவும் ஒன்றே என்பது 2018-இல்தான் நிறுவப்பட்டது. பெயர் உறுதிப்படாத இனம் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் முறையாக இடம்பெற இயலாது. பெயர் கிடைத்த அதே ஆண்டில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகக் கடுமையான அழிவு அபாயத்திலுள்ள இனம் என வகைப்படுத்தியது.

திமில் மகாசீர் எஞ்சியுள்ள இடங்களுள் நீலகிரிச் சாரலில் பாயும் மோயாறு முதன்மையானது. அங்கு ‘மகாசீர்’ என்ற பொதுப்பெயரில் வெளியூர்க் குஞ்சுகளை விடாதிருப்பது உடனடித் தேவை. இருப்புச் செய்வதாயின், அதே ஆற்றின் தாய்மீன்களிலிருந்து பெற்ற குஞ்சுகளையே விடுதல் வேண்டும். கணக்கும் இனவாரியாக எழுதப்பட வேண்டும். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் தூண்டில் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டதால் காவிரிக்கரை முகாம்களின் குறிப்பேடுகளும் நின்றுபோயின. அந்த வேலையை இனி மீன்வளத் துறையும் வனத்துறையும் கூடிச் செய்தாக வேண்டும்.