தாய் சேய் நலமும் சுதேச மருத்துவமும்: ஒரு சமூகவியல் நோக்கு

இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000இற்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக்கால விகிதம் 30ஐ அண்டியதாகும். இதனை மேலைத்தேய மருத்துவத்தின் வெற்றியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்சி பெற்ற மருத்துவமாதைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பியது. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை அச்சேவையை நாடெங்கும் விரிக்குமாறு ஆட்சியாளரை நெருக்கியது. மலையகம் இதற்கு எதிர்ச்சான்றாகும். 1948-49இல் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். அவர்தம் மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே அரசாங்கச் சேவை அங்கு படிப்படியாகப் பரவிற்று.

சுதேச மருத்துவத்தையும் இவ்வடிப்படையிலேயே நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்திற் பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, நற்சீரகம், மஞ்சள் சேர்த்துச் சமைக்கும் பத்தியக்கறி மக்களின் நெடுங்கால அனுபவத்திற் பிறந்தது. ஆயின், அங்கு பிரசவம் பார்த்த மருத்துவிச்சி பெரும்பாலும் சாதிக் கட்டுப்பாட்டின் கீழ்க் குடிமைத் தொழில் புரிந்தவள் என்பதை மரபைப் போற்றுவோர் மறந்துவிடுகின்றனர். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி மருத்துவங்களையும் உள்ளடக்கி, வைத்தியரைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. வைத்தியரின் ஏட்டறிவுக்குக் கிட்டிய மதிப்பு மருத்துவிச்சியின் கையறிவுக்கு வாய்க்கவில்லை. பிரசவப் பணியை ஊதியமும் ஓய்வூதியமும் உடைய உத்தியோகமாக்கியது அரசாங்க மருத்துவமாது சேவையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனவே, சுதேச மருத்துவத்தைத் தாய் சேய் நலத் திட்டங்களுடன் இணைக்க முனைவோர், மூலிகையைப் பேணுவதோடு அதன் பயனறிந்த பெண்ணின் உழைப்புக்கும் உரிய ஊதியமும் உரிமையும் கோருதல் வேண்டும்.