கல்சியம், விற்றமின் டீ குளிசைகள்: பையில் இருப்பதையெல்லாம் ஒன்றாகப் போடாதீர்கள்

ஊர் திரும்பும் குடும்பங்களின் பொருட்களுக்குள் மருந்துப் பை ஒன்று கட்டாயம் இருக்கும். மண்டபம் முகாமிலிருந்து வந்தவர்களின் பையில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகள் இருக்கும். 1990 இல் வெளியேறிப் புத்தளத்தில் வாழ்ந்து, முசலிக்கும் எருக்கலம்பிட்டிக்கும் திரும்பியவர்களிடம் அங்குள்ள கிளினிக் கொப்பியும் குளிசைகளும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பெரிய போத்தல் ஒன்றும் சில வீடுகளில் இருக்கும். இங்கே வந்து பதிந்ததும் கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கிலும் குளிசை தருவார்கள்.

இந்த நான்கிலும் கல்சியம் இருக்கலாம். மூன்றில் விற்றமின் டீயும் இருக்கலாம். பெயர் வேறு, நிறம் வேறு, பெட்டி வேறு என்பதால் இவை வெவ்வேறு மருந்துகள் என்று நினைத்து எல்லாவற்றையும் போடுகிறவர்கள் உண்டு. "சத்துத்தானே, கூடினால் என்ன?" என்று கேட்கிறார்கள். கூடினால் கெடுதல் வரும். எப்படி வரும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தப் பக்கங்களில் சொல்கிறோம்.

60,000 என்று எழுதிய குளிசை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஆபத்து அதிகமாக இருப்பது இதில்தான். இந்தியாவில் விற்றமின் டீ குறைபாட்டுக்கு 60,000 அலகு கொண்ட குளிசையோ, பாலில் கரைக்கும் தூள் பைக்கற்றோ கொடுப்பது வழக்கம். அது வாரத்துக்கு ஒன்று. சில வாரங்கள் போட்டு முடிந்ததும் நிறுத்த வேண்டும், அல்லது வைத்தியர் சொன்னால் மாதத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். தினமும் போடும் குளிசை அல்ல அது.

ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையான விற்றமின் டீ 600 அலகு. 70 வயதுக்கு மேல் 800. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் ஒருவர் தினமும் எடுக்கக்கூடிய உச்ச அளவு 4,000. அந்த 60,000 குளிசையைத் தினமும் போட்டால் உச்ச அளவைப் போல பதினைந்து மடங்கு உடலுக்குள் போகிறது. விற்றமின் சீ மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். விற்றமின் டீ அப்படியல்ல. கொழுப்பில் தங்கி வாரக்கணக்காக, மாதக்கணக்காக உடலில் நிற்கும்.

இது நடக்காத கதை அல்ல. காஷ்மீரில் அளவுக்கு மிஞ்சி விற்றமின் டீ எடுத்து, இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தியோடும் மனக்குழப்பத்தோடும் சிறுநீரகப் பாதிப்போடும் வந்தவர்களைப் பற்றி ஸ்ரீநகர் வைத்தியர்கள் 2011 இல் எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் மக்கள் கெட்ட மருந்து எதையும் தேடிப்போகவில்லை. சத்து மருந்து என்று நம்பித்தான் எடுத்தார்கள்.

இடம்பெயரும்போது இந்தத் தவறு நடக்க வாய்ப்பு இன்னும் கூடுகிறது. குளிசை பையில் இருக்கும், சீட்டு தொலைந்திருக்கும். "கிழமைக்கு ஒன்று" என்று சொன்ன வைத்தியர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். பெட்டியிலோ அட்டையிலோ 60,000 என்ற எண்ணைக் கண்டால், இங்குள்ள வைத்தியரிடம் காட்டும்வரை அதைத் தொடாதீர்கள். சில நாட்கள் தாமதித்தால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது.

குழந்தைகளுக்கான விற்றமின் டீ சொட்டு மருந்திலும் இதே சிக்கல் உண்டு. பச்சைக் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு போதும். ஆனால் ஒரு கொம்பனியின் போத்தலில் அந்த 400 அலகு ஒரே ஒரு சொட்டில் இருக்கும். இன்னொன்றில் ஒரு மில்லிலீற்றரில் இருக்கும். ஒரு மில்லிலீற்றர் என்பது இருபது சொட்டுக்கு மேல். ஒரு போத்தலின் அளவுகோலால் இன்னொரு போத்தல் மருந்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே 2010 இல் இதைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சொட்டு மருந்து என்றால், அதோடு வந்த அளவுகோலை மட்டும் பாவியுங்கள். அது தொலைந்திருந்தால் மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

கிளினிக்கில் தரும் குளிசைகள்

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துடன் போலிக் அமிலம், விற்றமின் சீ, கல்சியம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும். திரிபோஷாவும் தருவார்கள். இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்குவதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. குளிசை ஒழுங்காகப் போட்டும் இரத்தம் ஏறவில்லை என்று சொல்லும் தாய்மாரிடம் நாங்கள் முதலில் கேட்பது இந்த நேரத்தைத்தான்.

ஆகவே நேரத்தைப் பிரியுங்கள். கல்சியத்தைக் காலையிலோ மதியமோ சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பையும் விற்றமின் சீயையும் இரவில், கல்சியத்துக்கு இரண்டு மணித்தியாலமாவது தள்ளிப் போடுங்கள். இரும்புக் குளிசை போடும் நேரத்தில் பிளேன்டீயும் வேண்டாம், பால்மா கரைத்த தேநீரும் வேண்டாம், தண்ணீர் போதும். உங்கள் கிளினிக்கில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். இடைவெளி இருந்தால் சரி. நோன்பு காலத்தில், நோன்பு நோற்கலாம் என்று வைத்தியர் சொன்னவர்கள், ஒன்றை நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகும் மற்றதை சஹருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கர்ப்ப காலத்தில் கல்சியம் குழந்தையின் எலும்புக்கு மட்டும் அல்ல. உணவில் கல்சியம் குறைவாக உள்ள இடங்களில், கர்ப்பிணிகளுக்கு பிறஷர் ஏறி வலிப்பு வரும் ஆபத்தை அது குறைக்கிறது என்பதால் உலக சுகாதார நிறுவனமும் அதைக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே "வயிறு இறுகுது" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள், கீரையைக் கூட்டுங்கள், அடுத்த தடவை வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

பெட்டியில் உள்ள எண்

கல்சியக் குளிசையின் பெட்டியில் இருக்கும் எண் ஏமாற்றக்கூடியது. 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட் என்றால் அதில் 300 மில்லிகிராம் கல்சியம் இருப்பதாக நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கல்சியம் கிட்டத்தட்ட 39 மில்லிகிராம்தான். மீதி லக்டேட். 1,250 மில்லிகிராம் கல்சியம் கார்பனேட் குளிசையில் 500 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. ஆகவே கிளினிக் குளிசை முடிந்துவிட்டது என்று பாமசியில் "கல்சியம்" என்று கேட்டு வாங்கி, முன்பு போட்ட அதே எண்ணிக்கையில் போட்டால் பத்து மடங்குக்கு மேல் போய்விடும்.

வளர்ந்தவருக்கு நாளுக்கு வேண்டியது சாப்பாட்டையும் சேர்த்து 1,000 மில்லிகிராம். 50 வயது தாண்டிய பெண்களுக்கு 1,200. சாப்பாடும் குளிசையும் சேர்ந்து 2,000, 2,500 என்று ஏறினால் அது மிஞ்சிய அளவு. ஒரே தடவையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டாலும் உடல் நன்றாக எடுக்காது. கூடிய அளவு போடச் சொல்லியிருந்தால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். கார்பனேட் வகை சாப்பாட்டோடு போட்டால்தான் சேரும்.

ஊரில் கிடைப்பது

எங்கள் கரையில் கல்சியத்துக்குப் பஞ்சம் இருக்கத் தேவையில்லை. பேசாலையிலும் வங்காலையிலும் முள்ளோடு தின்னும் சிறுமீன் கிடைக்கும். நெத்தலியையும் சூடையையும் முள்ளை எடுக்காமல் சமைத்தால், அந்த முள்தான் கல்சியம். நெத்தலிக் கருவாடும் அப்படியே, உப்பைக் கழுவிச் சமைத்தால் சரி. முருங்கை இலை, எள்ளு, தயிர், குரக்கன் எல்லாம் நல்லவை. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் இருப்பதைவிடக் கூட. சாப்பாட்டிலிருந்து வரும் கல்சியம் மிஞ்சிப்போவது அரிது. ஆகவே காசு கொடுத்துப் போத்தல் வாங்குமுன் சட்டியைப் பாருங்கள் என்பது எங்கள் எண்ணம்.

விற்றமின் டீ உணவில் குறைவு. வெயிலில்தான் கிடைக்கும். அதிகாலை இளவெயிலில் பிள்ளையைக் காட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வெயிலில் விற்றமின் டீயை உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் சரியான நேரம். கை, கால், முகத்தில் கால் மணி, அரை மணி நேரம் பட்டால் போதும். தோல் கருக நிற்கத் தேவையில்லை. வெயிலால் விற்றமின் டீ மிஞ்சிப்போகாது, உடலே நிறுத்திக்கொள்ளும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உடல் முழுவதும் மூடி உடுப்பவர்களுக்கும், தகரக் கொட்டிலுக்குள்ளேயே இருக்கும் வயதானவர்களுக்கும்தான் குறைகிறது. வேலி இன்னும் அடைக்காத வளவில் ஒரு பெண் எப்படி வெயிலில் இருப்பது என்ற கேள்வி நியாயமானது. கிணற்றடியையோ கொல்லைப்புறத்தையோ நான்கு கிடுகால் மறைத்துக்கொண்டால் அந்த இடம் போதும்.

சுண்ணாம்பு பற்றியும் கேட்கிறீர்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் சிப்பி ஓடும் கல்சியம்தான், உண்மை. சிலாவத்துறைக் கடலின் முத்துச்சிப்பி ஓடு முழுக்க கல்சியம் கார்பனேட். ஆனால் மருந்து என்று நினைத்துச் சுண்ணாம்பைக் கூட்டவோ, சிப்பியைச் சுட்டு இடித்துக் குடிக்கவோ வேண்டாம். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். அளவுக்கு மிஞ்சி வெற்றிலை பாக்குச் சப்பியவர்களுக்கு, சுண்ணாம்பால் இரத்தத்தில் கல்சியம் ஏறியதைத் தாய்வான் வைத்தியர்கள் பதிந்திருக்கிறார்கள். பாக்கு வாய்ப் புற்றுநோய் தரும் என்பது தனிக் கதை. சித்த வைத்தியர் தந்த சிப்பிப் பற்பம் எடுப்பவர்கள் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதுவும் கல்சியக் கணக்கில் சேரும்.

கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கல்லடைப்பு வந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஒரு குளிசையும் தொடங்கக் கூடாது. அனுராதபுரம் பக்கம் நீண்ட காலம் இருந்தவர்கள், அங்கே பரவலாக உள்ள சிறுநீரக நோய்க்குப் பரிசோதனை செய்திருந்தால் அந்தத் துண்டையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வேறு குளிசை போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். தைரொயிட் குளிசைக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். டொக்சிசைக்கிளின், சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக் குளிசைகளைக் கல்சியம் வேலை செய்யவிடாது. அவை தரப்பட்டால் கல்சியம் போடுவதையும் சொல்லி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறஷருக்கு, சிறுநீர் போக வைக்கும் குளிசை எடுப்பவர்களில் சிலருக்குக் கல்சியம் இரத்தத்தில் ஏறும். இதயத்துக்கு டிஜொக்சின் எடுப்பவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

கல்சியம் மிஞ்சியதன் அடையாளங்கள் மன்னாரில் தவறிப்போகக்கூடியவை. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், பசியின்மை, மலச்சிக்கல், களைப்பு. வெக்கையும் உவர்த் தண்ணீரும் காரணம் என்று நாமே சொல்லிவிடுவோம். குளிசை போடும் ஒருவருக்கு இவற்றோடு வாந்தியும் சேர்ந்தால் குளிசையை நிறுத்தி அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். பேச்சுத் தடுமாறினால், மயங்கினால், அல்லது பிள்ளை போத்தலைத் திறந்து விழுங்கியிருந்தால் காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே மதியத்தில் அடுப்பு மாதிரிச் சூடு. குளிசையைக் கூரைச் சிலாகையில் செருகி வைக்காமல், மூடியுள்ள ஒரு பேணியில் போட்டு, நிலத்துக்குக் கிட்ட, ஆனால் பிள்ளைகள் திறக்க முடியாதபடி வையுங்கள். இனிப்பு மாதிரி மெல்லும் கல்சியக் குளிசைகளைப் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினால் பெயரும் காலாவதித் திகதியும் போய்விடும், வெட்டாதீர்கள்.

அடுத்த கிளினிக் நாளில் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இந்தியாவில் தந்த தாய் அட்டை, புத்தளத்துக் கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, எது இருந்தாலும் அதையும். கிளினிக்குக்குப் போக முடியாத அளவு தூரம் என்றால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பையைத் திறந்து காட்டுங்கள். முடிந்துபோன வெறும் அட்டைகளையும் எறிய வேண்டாம். எதை எவ்வளவு நாள் போட்டீர்கள் என்று அவர் கணிப்பது அவற்றை எண்ணித்தான்.