பழைய மடிக்கணினியில் ஒரு செய்மதி: வன்னியிலிருந்து விண்வெளிக்கு ஓட்டிப் பார்க்க

வன்னியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வானம் என்பது அண்ணாந்து பார்த்துப் பயப்பட வேண்டிய இடம். ‘வண்டு’ சுற்றினால் கிபிர் வரும். கிபிர் வந்தால் பங்கருக்குள் ஓட வேண்டும். அவற்றுக்கெல்லாம் மேலே, எவர் கண்ணுக்கும் தெரியாத உயரத்தில் செய்மதிகளும் போய்க்கொண்டிருந்தன. 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையோரத்தின் செய்மதிப் படங்களை ஐ.நா.வின் யுனோசாட் பிரிவு ஆராய்ந்தது. 2011 இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையிலும் அத்தகைய படங்கள் இடம்பெற்றன.

அந்தச் செய்மதிகள் ஏன் எங்கள் தலைக்கு மேல் நின்று தொடர்ந்து பார்க்கவில்லை? ஏன் பகலில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மட்டும் கடந்து போயின? உயர்தரப் பௌதிகவியலில் ஈர்ப்புப் புலம் படிக்கும் பிள்ளை சமன்பாட்டை எழுதிப் புள்ளி எடுத்துவிடும். விளங்கியதா என்று கேட்டால் பதில் வராது. ஓட்டிப் பார்த்தால் விளங்கும். ஓட்டிப் பார்ப்பதற்கு இப்போது கணினி விளையாட்டுகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் கணினியில் அவை இயங்குமா என்பதுதான் கேள்வி.

முதலாவது ஓர்பிட்டர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இலவசம். 2021 இல் இதன் மூலநிரலும் திறந்து விடப்பட்டது. இதில் இருப்பது உண்மையான சூரியக் குடும்பம், உண்மையான தூரங்கள், நியூட்டனின் விதிகள். சுடுவதும் புள்ளி சேர்ப்பதும் கிடையாது. முதல் நாள் எவருக்கும் சலிப்புத்தான் வரும்.

இரண்டாவது கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011 இல் முதல் பதிப்பையும் 2015 இல் முழுப் பதிப்பையும் வெளியிட்டது. இதற்குக் காசு கொடுக்க வேண்டும். பச்சை நிறக் குட்டி மனிதர்களுக்காக நாங்களே ரொக்கட் பூட்டி ஏவ வேண்டும். பெரும்பாலும் அது வெடிக்கும். ஏன் வெடித்தது என்று தேடுவதுதான் படிப்பு. இதன் இரண்டாம் பாகத்தை வாங்க வேண்டாம். 2023 இல் அரைகுறையாக விற்பனைக்கு வந்தது, அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய குழு கலைக்கப்பட்டது.

மூன்றாவது செலெஸ்டியா. இதுவும் இலவசம். இதில் ஓட்டுவதற்கு எதுவும் இல்லை, விண்வெளியில் விரும்பிய இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். மிகப் பழைய கணினியும் இதைத் தாங்கும்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். ஒரு மென்பொருள் தனியே எதையும் செய்வதில்லை. திரையில் கோடு போட, கோப்பைத் திறக்க, ஒலி எழுப்ப, எல்லாவற்றுக்கும் இயங்குதளத்திடம் விண்ணப்பிக்கிறது. விண்டோசின் விண்ணப்பப் படிவம் வேறு, லினக்சின் படிவம் வேறு. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தோடு அலைந்து, வாசித்துச் சொல்ல ஆள் தேடிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓர்பிட்டர் விண்டோசின் மொழியில் மட்டும் எழுதப்பட்டது. லினக்சில் அதை இயக்க ‘வைன்’ என்ற மொழிபெயர்ப்பாளர் இடையில் நிற்க வேண்டும். பலருக்கு வேலை செய்கிறது, ஆனால் காட்சிகள் தடுமாறலாம். கேர்பல் ‘யுனிட்டி’ என்ற பொறியின் மேல் கட்டப்பட்டதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக வெளியானது. செலெஸ்டியாவும் இந்த மூன்றிலும் இயங்கும். கைத்தொலைபேசிப் பதிப்பும் உண்டு.

இந்த விடயம் இப்போது அவசரமாகியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய மடிக்கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. கடையில் திருட்டுப் பிரதி போட்டு வைரசோடு வீட்டுக்குக் கொண்டுவருவதைவிட லினக்ஸ் மின்ட் போடுவது மேல் என்பது என் கருத்து. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 பிட் செயலியும் இருந்தால் கேர்பல் தள்ளாடியாவது ஓடும். சேமித்த விளையாட்டுகள் ‘சேவ்ஸ்’ என்ற கோப்புறையில் கிடக்கும். அதைப் பென்டிரைவில் பிரதி செய்து விண்டோசிலிருந்து லினக்சுக்குக் கொண்டுபோகலாம். கூடுதல் பாகங்களைச் சேர்த்திருந்தால் ஒரு சிக்கல் வரும்: லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வெவ்வேறாகப் பார்க்கும், கோப்பின் பெயரில் ஓரெழுத்து மாறினாலும் பாகம் காணாமல் போகும்.

சரி, எதை ஓட்டுவது? ஓர்பிட்டரில் ஒரு கலத்தை 600 கிலோமீற்றர் உயரத்தில், 98 பாகைச் சாய்வில் விடுங்கள். ஏறத்தாழ 97 நிமிடங்களில் அது துருவங்களை அண்டிப் பூமியை ஒரு தடவை சுற்றிவிடும். அதற்கிடையில் கீழே பூமி கிழக்காகச் சுழன்றிருக்கும். அடுத்த சுற்றில் கலம் மத்தியகோட்டை 2,700 கிலோமீற்றர் மேற்கே தள்ளிக் கடக்கும். கிளிநொச்சிக்கு மேலால் போன கலம் அடுத்த சுற்றில் அரபிக்கடலின் அப்பால். மேலே கேட்ட கேள்விக்கு விடை இதுதான். தாழப் பறப்பது நிற்க முடியாது, நின்றால் விழும்.

இன்னொன்று. சிறீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு நேராகத் தெற்கே ஏவினால் ரொக்கட் எங்கள் தீவுக்கு மேலால் போகும். அதைத் தவிர்க்க முதலில் தென்கிழக்காகப் போய், கடலுக்கு மேல் வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் வீணாகும். தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு இதுவே முக்கிய காரணம். அங்கிருந்து நேராகத் தெற்கே கடல்தான். கேர்பலில் ஒரே ரொக்கட்டை ஒருமுறை நேராகவும் ஒருமுறை வளைத்தும் ஏவி, மிஞ்சும் எரிபொருளைப் பாருங்கள். இலங்கை இந்தியாவின் கணக்கில் எவ்வளவு பாரம் என்று தெரியும்.

கணினியே இல்லாத வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் எப்போது கடக்கும் என்பதைக் கைத்தொலைபேசிச் செயலிகள் சொல்லும். பொழுதுபட்ட பின்னரோ விடியுமுன்னரோ வயல்வெளிக்குப் போய் நில்லுங்கள். மினுங்காத வெளிச்சப் புள்ளியொன்று மேற்கிலிருந்து எழும்பி, சில நிமிடங்களில் கிழக்கே இறங்கிப் போகும். இரைச்சல் இராது.