காப்பியைப் பற்றி எழுத மணம் மட்டும் போதுமா?

காப்பி பற்றிய கட்டுரைன்னா தேடித்தேடிப் படிக்கிற ஆள் நான். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும்: விடிகாலை, டிகாக்‌ஷன் வாசம், பித்தளை டபரா, பாட்டியின் கை. படிக்க இதமாத்தான் இருக்கு. ஆனா முடிச்ச பிறகு மனசில் ஒண்ணும் நிக்கறதில்லை. நின்ற கட்டுரைகளை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன். அவை எல்லாமே நமக்கு நன்றாகத் தெரிந்த பொருளை எடுத்துக்கொண்டு, நாம் கேட்டே பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்கின்றன.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ இதற்கு நல்ல உதாரணம். காப்பியின் ருசியை அவர் விவரித்துக்கொண்டிருக்கவில்லை. நீராகாரம் குடித்துவந்த சமூகத்துக்குள் காப்பி நுழைந்தபோது யார் பதறினார்கள், யாருக்கு அது அந்தஸ்து ஆனது, காப்பி கிளப்பில் யார் உட்காரலாம், யார் கூடாது? இதைத்தான் கேட்டார். படித்த பிறகு கையில் இருக்கும் டம்ளரே வேறு மாதிரி தெரியும்.

அப்படி ஒரு கேள்வி நம்ம கோயமுத்தூரிலும் இருக்குங்க. காப்பித்தூள் கடையில் ‘பிளான்டேஷன் ஏ’, ‘பீபெரி’ன்னு சொல்லி வாங்குறோம். இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வந்தது?

காப்பிப் பழத்துக்குள் வழக்கமா இரண்டு விதை இருக்கும். சில பழத்தில் ஒண்ணே ஒண்ணு உருண்டையா விளையும், அதுதான் பீபெரி. பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகாவுக்கு ‘பிளான்டேஷன்’ என்று பெயர். ‘ஏ’ என்பது சல்லடை அளவைக் குறிக்கும் தரம். இந்தத் தரம்பிரிப்பு பெரும்பாலும் தோட்டத்தில் நடப்பதில்லை. உமியோடு வரும் கொட்டையை, ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, உமி நீக்கி, சலித்து, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஈரமான மலையைவிட இதற்குக் காய்ந்த சமவெளிதான் தோது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் பக்கத்தில் இருக்கிறது கோவை. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861ல் இங்கே காப்பி பதப்படுத்தும் ஆலையைத் தொடங்கினார். அவருடைய பஞ்சாலை வந்தது 1888ல்தான். மில் நகரம்னு பேர் வாங்கறதுக்கு முன்னாடியே இது காப்பி காய்ந்த ஊர்!

பதப்படுத்தும் கொட்டகைகளில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இன்று நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின் வந்துவிட்டது. மணத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பெண்களின் விரல்கள் எந்தக் கட்டுரைக்குள்ளும் வராது. கேட்டு எழுத வேண்டியவர்களுக்கும் வயசாகிட்டே இருக்கு.

இன்னொன்று, வாசகர் தானே செய்து பார்க்க ஏதாவது தரணும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் தூளைத் தூவுங்க. காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். முதலில் ‘சுத்தமான காப்பி’ன்னு வாங்கின தூளைப் போட்டுப் பாருங்க.