எஞ்சின் நின்றால் எட்டு விநாடி

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது, தெரியுமா? பயிருக்கு மேலே சுமார் 3 மீட்டர்! ஓட்டு வீட்டுக் கூரையின் உயரம்கூட இல்லை. 10,000 மீட்டர் உயரத்தில் செல்லும் பயணி விமானத்தின் எஞ்சின்கள் எல்லாம் நின்றுபோனாலும், அது 150 கிலோமீட்டர் வரை சறுக்கி வரும். அதன் விமானிக்கு யோசிக்க இருபது நிமிடம் இருக்கும். மருந்து விமானிக்கு எவ்வளவு நேரம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இந்த வேலைக்கென்றே ‘பசந்த்’ என்ற விமானத்தைக் கட்டியது. பசந்த் என்றால் வசந்தம். ஒரே இருக்கை, 400 குதிரைத் திறனுள்ள ஒரே எஞ்சின். திருத்தி அமைக்கப்பட்ட மாதிரி 1972 மார்ச் 30-இல் முதன்முதலாகப் பறந்தது. 1980-இல் உற்பத்தி நிற்பதற்குள் 39 விமானங்கள் உருவாயின. அத்தகைய விமானம் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல்களின்மேல் பறப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இரு புறமும் மலை. கீழே முல்லைப் பெரியாற்று வாய்க்கால்கள், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல்.

வேகம் மணிக்கு 160 கி.மீ. என்று வைத்துக் கொள்வோம். எஞ்சின் நின்றுவிட்டது! விமானி உடனே மூக்கை உயர்த்துகிறார். கீழே வேகமாக வரும் ஊஞ்சல் மேலே ஏறும்போது வேகம் இழக்கிறதல்லவா? அதுபோல, மிச்ச வேகத்தை உயரமாக மாற்றிக் கொள்கிறார். சறுக்குவதற்கு ஏற்ற வேகம் 110 கி.மீ. எனில், இரு வேகங்களின் வர்க்கங்களைக் கழித்து, புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் 53 மீட்டர் கிடைக்கும். (வேகத்தை விநாடிக்கு மீட்டராக மாற்றிய பிறகே வர்க்கப்படுத்த வேண்டும்.) காற்றின் தடை கொஞ்சம் தின்றுவிடும், 40 மீட்டர் என்று கொள்வோம். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஆறு மீட்டர் முன்னேறினால் 240 மீட்டர். எட்டு விநாடி! அவ்வளவுதான்.

புறப்பட்ட ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாமே என்று தோன்றும். விமானிகளைக் கொன்ற எண்ணம் இது. விமானத்தை 45 பாகை சாய்த்து அரை வட்டம் அடிக்கக் கிட்டத்தட்ட 300 மீட்டர் தூரமும் பத்து விநாடியும் வேண்டும். கையில் இருப்பதோ எட்டு. அதோடு, சாய்ந்து திரும்பும் விமானம் விழாமல் நிற்கக் கூடுதல் வேகம் தேவை. 45 பாகையில் ஏறத்தாழ 20 சதவீதம். அது இல்லாவிட்டால் இறக்கை தூக்குதிறனை இழந்து ஒரு பக்கமாகக் கவிழும். எனவே, எதிரே என்ன இருக்கிறதோ அதிலேயே இறங்க வேண்டும். வயலில் களை எடுப்பவர்கள் இருந்தால் மட்டும் சிறிது ஒதுங்கலாம்.

தெளிக்கும்போதே காற்றை மனத்தில் வைத்திருப்பவர் நல்ல விமானி. பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசினால், 100 கி.மீ. வேகத்தில் அதை எதிர்த்து இறங்கும் விமானம் தரையை 80 கி.மீ. வேகத்தில் தொடும், காற்றோடு இறங்கினால் 120. வர்க்கம் பாருங்கள்: மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு!

அடுத்த வேலை, மருந்துத் தொட்டியின் கதவைத் திறந்து சுமையைக் கொட்டுவது. எடை முக்கால் பங்காகக் குறைந்தால், விமானத்தைத் தாங்கத் தேவையான வேகத்தின் வர்க்கமும் முக்கால் பங்காகும். இரண்டையும் பெருக்கினால் பதினாறில் ஒன்பது. ஆற்றல் ஏறக்குறையப் பாதி. கொட்டுவது நஞ்சு என்பதையும் மறக்கக் கூடாது. வாய்க்காலில் விழுந்தால் அது வேறொரு விபத்து.

எதில் இறங்கலாம்? மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 10 மீட்டரில் சீராக நிறுத்தினால், உடலின் மேல் எடையைப் போல் நான்கு மடங்கு விசை. ஒரே மீட்டரில் நின்றால் நாற்பது மடங்கு. வாழைத் தண்டு மரமன்று, இலையுறைகளின் சுருள். முறிந்து முறிந்து வேகத்தைக் குறைக்கும். சேற்று வயலில் சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழலாம். தென்னையும் பந்தலின் கல்தூணும் கம்பியும்தான் எமன்.

இந்தக் கணக்கை விமான அமைப்பிலேயே புகுத்தியவர்கள் இருவர். ஹியூ டிஹேவன் 1917-இல் பயிற்சியின்போது இரு விமானங்கள் மோதியதில் தாம் மட்டும் பிழைத்து, ஏன் பிழைத்தோம் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியைப் பயன்படுத்தி, அமெரிக்கப் பொறியாளர் பிரெட் வீக் 1950-இல் ‘ஏஜி-1’ என்ற மருந்து விமானத்தை உருவாக்கினார். உயர்ந்த இருக்கை, வலுவான கூண்டு, தோளையும் இடுப்பையும் இறுக்கும் பட்டை. பின்னால் வந்த பல மருந்து விமானங்களில் எஞ்சினும் தொட்டியும் விமானிக்கு முன்னால் அமைந்தன. முதலில் நசுங்குவது அவையே.

எஞ்சின் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தாம். பீப்பாயிலிருந்து ஊற்றிய பெட்ரோலில் கலந்த நீர், தூசி அடைத்த காற்று வடிகட்டி, தீர்ந்துபோன எரிபொருள். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் உறிஞ்சப்படுவதால், ஈரக்காற்று வீசும் நாளில் வெளியே 20 பாகை செல்சியஸ் இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி படியும்! பசந்த்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் எஞ்சின் எரிபொருளைப் பீச்சும் வகை.

இன்று வயல்களில் மருந்து தெளிக்க டிரோன்கள் வந்துவிட்டன. அவற்றில் விமானி இல்லை. சறுக்க இறக்கையும் இல்லை. 3 மீட்டர் உயரத்தில் சுழலிகள் எல்லாம் நின்றால், தரையைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும்.